ஆஸ்வால்ட் பின்னிகரின் பெருந்தன்மை

இங்கிலாந்தில் எங்கள் கடலோர ஊரான பிரெட்மவுத்தின் புல்தரை டென்னிஸ் கிளப்பில் ஆஸ்வால்ட் பின்னிகரைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "தங்கமான மனுஷன்." அந்த கிளப்பின் டீக் கூடாரத்தை ரொம்ப வருடம் நடத்தியவள் நான். நானும் அதையே பலமுறை சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு வெள்ளரிக்காய் நறுக்கப் போய்விடுவேன். இப்போது கூடாரமும் என் கையில் இல்லை, யாருக்கும் பயப்பட வேண்டிய அவசியமும் இல்லை. மனதில் பட்டதைச் சொல்லிவிடலாம்.

ஆஸ்வால்ட் ஹை ஸ்ட்ரீட்டில் இருந்த ஆண்கள் உடைக் கடையின் மேலாளர். ஆள் ஒல்லி, உயரம், மெழுகு தடவிய மீசை. போருக்குப் பிறகு ஊர் இளைஞர்கள் எல்லோரும் அரைக்கால் சட்டைக்கு மாறிய பிறகும் அவர் மட்டும் வெள்ளை ஃபிளானல் முழுக்கால் சட்டையில்தான் ஆடுவார். அதன் மடிப்பில் விரல் வைத்தால் வெட்டிவிடும். அந்த மடிப்பைத் தேய்த்தது அவருடைய மனைவி எனிட். ஆடி முடித்ததும் முழங்காலில் படிந்த பச்சைக் கறையைப் போக்கியதும் எனிட்தான். இதைப் பற்றி கிளப்பில் யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை.

கிளப் கட்டடத்துக்குள் நுழைந்தால் எதிர்ச் சுவரில் ஓக் மரப் பலகை ஒன்று இருக்கும். ஆண்டுதோறும் ஆகஸ்டில் நடக்கும் சாம்பியன்ஷிப்பில் ஆடவர் ஒற்றையர் பட்டம் வென்றவரின் பெயரைத் தங்க எழுத்தில் அதில் எழுதுவார்கள். தோற்றவர் பெயருக்கு அங்கே இடமில்லை. அவருக்கு வெள்ளி முலாம் பூசிய ஜாம் கரண்டி ஒன்று தருவார்கள். பலகையில் இரண்டு இடங்களில்தான் பெயரில்லாமல் வெறுமையாக இருக்கும். முதல் உலகப்போர் ஒன்று, இரண்டாவது இன்னொன்று. அந்த வருடங்களில் ஆட ஆளில்லை. அந்தப் பலகையில் வெற்றிடம் என்றால் போர் என்று அர்த்தம், அவ்வளவுதான்.

ஆஸ்வால்டின் வாழ்க்கையில் ஒரே ஆசை அந்தப் பலகை. கிளப்புக்குள் நுழையும்போதெல்லாம் தொப்பியைக் கழற்றி அதன் முன் ஒரு நிமிடம் நிற்பார். மாதா கோவிலில்கூட அவர் அவ்வளவு பக்தியோடு நின்று நான் பார்த்ததில்லை. இறுதி ஆட்டம் வரைக்கும் பலமுறை வந்துவிட்டார். எனிட்டின் சமையலறை இழுப்பறையில் ஜாம் கரண்டிகள் சேர்ந்துகொண்டே போயின. விருந்தாளிகள் வந்தால்கூட அவற்றை அவள் வெளியே எடுப்பதில்லை.

நன்றாக ஆடுபவர்தானே, பிறகு ஏன் தோற்றார் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

எங்கள் ஆட்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. கோட்டருகே உட்கார்ந்திருப்பவர் தவறிப்போய் உங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டார் என்று வையுங்கள். நீங்கள் கனவானாக இருந்தால் எதிர்த்து வாதாடக் கூடாது. அவர் மனம் புண்படும். அதற்குப் பதிலாக அடுத்த பந்தை வேண்டுமென்றே வலையில் அடித்துவிட வேண்டும். வாயைத் திறக்காமல், முகத்தில் எதையும் காட்டாமல், தவறாக வந்த புள்ளியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதற்குத் 'திருப்பிக் கொடுப்பது' என்றே பெயர். காசுக்கு ஆடுகிறவர்களுக்கு இந்த நாசூக்கு வராது, அதனால்தான் அவர்களை நாங்கள் சேர்ப்பதில்லை என்று கிளப்பில் பெருமையாகப் பேசிக்கொள்வார்கள். அதே கிளப் ஒரு கோடையில் லண்டன் ஆட்டக்காரர் ஒருவரை வரவழைத்து, கடற்கரை ஹோட்டலிலேயே பெரிய அறையில் தங்கவைத்து, போகும்போது கோட்டுப் பையில் எதையோ செருகி அனுப்பியது. கேட்டால் பயணச் செலவு என்றார்கள். அவர் ஆப்பிரிக்காவுக்கே போய்வந்தாலும் மிச்சமிருந்திருக்கும்.

ஆஸ்வால்ட் இந்தத் திருப்பிக் கொடுப்பதை ஒரு நாடகக் கலையாகவே ஆக்கிவிட்டார். பந்து வீசுவதற்கு முன் சற்று நிற்பார். வானத்தைப் பார்ப்பார். சின்னதாக ஒரு பெருமூச்சு. பிறகு பந்தை அவ்வளவு மென்மையாக வலையில் தட்டிவிடுவார். கடைசி வரிசையில் பின்னல் போட்டுக்கொண்டிருப்பவருக்கும் விஷயம் புரிந்துவிடும். உடனே கைதட்டல் எழும். தான் ஜெயித்த புள்ளிக்கு அவ்வளவு பெரிய கைதட்டல் அவருக்கு ஒருநாளும் விழுந்ததில்லை. அந்த ருசி பழகிவிட்டது. பூனைக்குப் பால் கிண்ணம் தெரிகிற மாதிரி அவருக்கு அந்தச் சத்தம் எங்கிருந்து வரும் என்று தெரிந்துபோயிற்று.

இன்னொரு சங்கதியும் இருந்தது. நாற்பதைத் தாண்டியதும் அவருக்குக் கண் மங்க ஆரம்பித்தது. தபால் நிலைய வாசலில் இருந்த சிவப்புத் தபால் பெட்டிக்குத் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னதை நானே பார்த்தேன். டாக்டர் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். இவர் அதை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டார்.

"போட்டுக்கிட்டு ஆடேன் ஆஸ்வால்ட்," என்று எனிட் என் கூடாரத்தில் வைத்தே கேட்டாள்.

"வெள்ளை உடுப்புக்கு அது நல்லாவா இருக்கும்? பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"பந்து தெரியும்."

"பந்து எனக்கு நல்லாத்தான் தெரியுது. மிஸஸ் ஸ்டக்கி, இன்னும் ஒரு கப் டீ கிடைக்குமா?" என்று மூடியிருந்த ரொட்டிப் பெட்டியைப் பார்த்துக் கேட்டார். மிஸஸ் ஸ்டக்கியாகிய நான் அதற்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன்.

கண் மங்க மங்க அவருடைய பெருந்தன்மை பெருகிக்கொண்டே போனது. வெளியே விழுந்த பந்தெல்லாம் உள்ளே விழுந்ததாக அவருக்குத் தோன்றும். கோட்டருகே இருப்பவர் சரியாகத்தான் சொல்லியிருப்பார். இவர் அதைத் தவறென்று நினைத்து, வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுத் திருப்பிக் கொடுப்பார். யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அவ்வளவு நல்ல மனுஷனிடம் போய் உங்களுக்குக் கண் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது?

எனிட்டைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இறைச்சி ரேஷனில் இருந்த காலம். கசாப்புக் கடைக்காரர் கைதவறிக் கூடுதலாக ஒரு துண்டு வைத்துக் கட்டிவிட்டார். எனிட் வீட்டுக்குப் போய்ப் பிரித்துப் பார்த்துவிட்டு, மழையில் நனைந்துகொண்டே திரும்பி வந்து அதைக் கொடுத்துவிட்டுப் போனாள். வரிசையில் நானும் நின்றிருந்தேன். யாரும் கைதட்டவில்லை. பின்னால் நின்றவள் "அறிவு கெட்டவ" என்று முணுமுணுத்தாள்.

இனி அந்த 1951 ஆகஸ்டுக்கு வருகிறேன்.

அந்த வருடம் இறுதி ஆட்டத்தில் ஆஸ்வால்டை எதிர்த்து நின்றவன் லென் டேவி. பஸ் டிப்போவில் மெக்கானிக். நகராட்சியின் சிமெண்ட் தரையில், கம்பி வலையில் ஆடிப் பழகியவன். அவனைச் சேர்க்கலாமா கூடாதா என்று கமிட்டி கூடிக் கூடிப் பேசியது. விதிப்படி தடுக்க வழியில்லை என்றதும், அவனை டீக்கு உள்ளே உட்கார வைக்கலாமா என்று அடுத்த பேச்சைத் தொடங்கியது. எனக்கு அவனைப் பிடித்திருந்தது. தட்டைக் காலி செய்துவிட்டு, "ரொம்ப நல்லா இருந்துச்சும்மா," என்று வாய்விட்டுச் சொன்ன முதல் ஆட்டக்காரன் அவன்தான்.

அன்றைக்கு நல்ல வெயில். குளவிகள் என் கூடாரத்தைச் சுற்றி மொய்த்துக்கொண்டிருந்தன. பின்கோட்டருகே உட்கார்ந்து வழக்கமாகத் தீர்ப்புச் சொல்லும் மேஜர் திரப், ஆட்டம் தொடங்கும் முன் நான் மூடி வைத்திருந்த பிளம் ஜாம் ஜாடியைத் தானே திறந்து முகத்தை உள்ளே நுழைக்காத குறையாக எட்டிப் பார்த்தார். உள்ளே இருந்த குளவி அவர் இமையில் கொட்டிவிட்டது. கண் பணியாரம் மாதிரி வீங்கிக்கொண்டது.

நடுவர் நாற்காலியில் ஏறப்போன பாதிரியார் ஆப்பில்யார்ட், அவர்தான் கிளப் தலைவரும், கையைப் பிசைந்துகொண்டு சுற்றும் முற்றும் பார்த்தார்.

"மிஸஸ் பின்னிகர், நீங்க உக்காருவீங்களா?"

"ஆடறது என் வீட்டுக்காரர் ஆச்சே, ஐயா."

"அதனாலதான் கேக்கறேன். பின்னிகர் வீட்டு நேர்மையை யார் சந்தேகப்படப் போறாங்க?" என்றவர் டேவி பக்கம் திரும்பினார். "உனக்கு ஏதும் ஆட்சேபம் உண்டாப்பா?"

"அவங்க கண்ணு நல்லாத் தெரியுமில்ல? அப்ப எனக்கு ஒண்ணும் இல்ல," என்றான் டேவி.

எனிட் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்ப் பின்கோட்டின் முனையில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அது என் கூடாரத்துக்கு நேர் எதிரே. அவளுடைய முதுகும் அவள் பார்க்கிற கோடும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தன.

ஆட்டத்தை நான் விவரிக்கப் போவதில்லை. பாதி நேரம் கொதிக்கிற தண்ணீரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஆளுக்கு இரண்டு செட். ஐந்தாவது செட்டில் ஆஸ்வால்ட் ஐந்து, டேவி நான்கு. பந்து வீசுவது ஆஸ்வால்டின் முறை. இன்னும் ஒரே ஒரு புள்ளி. கப்புகளின் சத்தம்கூட நின்றுவிட்டது. நான் துணியோடு வாசலுக்கு வந்து நின்றேன்.

ஆஸ்வால்ட் பந்தை வீசிவிட்டு வலையை நோக்கி ஓடினார். டேவி அதை அவர் தலைக்கு மேலே உயரமாகத் தூக்கி அடித்தான். ஆஸ்வால்ட் எம்பினார், மட்டைக்கு எட்டவில்லை. பந்து அவருக்குப் பின்னால் போய்த் தரையில் விழுந்தது. கோட்டுக்கு வெளியே. கோட்டுச் சுண்ணாம்பு ஒரு துகள்கூடப் பறக்கவில்லை.

"அவுட்!" என்றாள் எனிட். அவள் குரல் அவ்வளவு கணீரென்று இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"ஆட்டம், செட், மேட்ச், பின்னிகர்!" என்றார் பாதிரியார். எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். மேஜர் ஒற்றைக் கண்ணோடு தொப்பியை ஆட்டினார். எனக்கே கண்ணில் நீர் வந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்வால்ட் அசையவில்லை. வலைக்குப் பக்கத்தில், பின்கோட்டைப் பார்த்தபடி கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். அங்கிருந்து அவருக்குக் கோடு தெரிந்ததா, எனிட் தெரிந்தாளா என்பதே சந்தேகம். ஆனால் அவர் முகத்தில் அந்தப் பழைய களை வருவதைப் பார்த்தேன். வானத்தைப் பார்த்தார்.

அவருடைய சிக்கல் எனக்குப் புரிந்தது. திருப்பிக் கொடுக்க வேண்டுமென்றால் அடுத்த பந்து வேண்டும். ஆட்டம் முடிந்துவிட்டது, அடுத்த பந்து இல்லை. கடைசிப் புள்ளிக்கு எங்கள் வழக்கத்தில் வழியே கிடையாது. வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். கடவுளே கொடுத்த வரம் என்று இருந்திருக்கலாம்.

அவர் நடுவர் நாற்காலிக்குப் போனார்.

"ஐயா, அந்தப் பந்து உள்ளதான் விழுந்துச்சு."

"மிஸ்டர் பின்னிகர், கோட்டுல இருந்தவங்க வெளியன்னு சொல்லிட்டாங்க."

"அங்க உக்காந்திருக்கறது என் மனைவி. பாசம் கண்ணை மறைக்கறது இயற்கைதானே?" சத்தமாகத்தான் சொன்னார். கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். "அப்படி வர்ற பட்டம் எனக்கு வேணாம்."

கூட்டத்தில் ஒரு மெல்லிய முனகல் பரவியது. பூரிப்பு தாங்காத முனகல்.

மறுபக்கத்திலிருந்து டேவி மட்டையோடு ஓடிவந்தான். "என்ன சார் இது? வெளியதான் விழுந்துச்சு. அடிச்சவன் நான், எனக்குத் தெரியாதா? மட்டையை விட்டுப் போகும்போதே கோட்டைத் தாண்டிடும்னு தெரிஞ்சுபோச்சு."

"உன்னோட பெருந்தன்மைக்கு நன்றி தம்பி. ஆனா..."

"பெருந்தன்மையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. வெளிய விழுந்துச்சுன்னா வெளிய விழுந்துச்சு! அந்த அம்மாவைக் கேளுங்க!"

அந்த அம்மாவை யாரும் கேட்கவில்லை. அவள் முழங்கால் மேல் கைகளைக் கோத்துக்கொண்டு தன் முன்னால் இருந்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து கத்தியிருந்தால் என்ன என்று இன்றைக்கும் எனக்கு ஆற்றாமை. எங்கள் ஊரில் பெண்கள் கத்த மாட்டார்கள். கப் கழுவுவார்கள்.

பாதிரியார் நாற்காலியிலேயே எழுந்து நின்றார். இவ்வளவு உயர்ந்த காட்சியைத் தன் காலத்தில் கண்டதில்லை என்றார். தீர்ப்பை மாற்றிப் புள்ளியை டேவிக்குக் கொடுத்தார். பிரெட்மவுத் கண்டிராத கைதட்டல் அது. மேஜர் அழுதார், குளவி கொட்டிய கண்ணாலும் சேர்த்து.

ஆட்டம் தொடர்ந்தது. இப்போது எல்லோரும் டேவியைப் பார்த்தார்கள். இவ்வளவு பெரிய பரிசு வாங்கியவன், கனவானாக இருந்தால், பதிலுக்கு ஒரு பந்தை வலையில் அடிக்க வேண்டாமா? ஆஸ்வால்டும் அதைத்தான் எதிர்பார்த்தார் என்பது அவர் நின்ற தோரணையிலேயே தெரிந்தது. டேவி அடுத்த பந்தை அவர் எட்ட முடியாத மூலையில் வைத்து அடித்தான். கூட்டத்தில் "ச்சே" என்று ஒரு குரல் கேட்டது.

"நான்தான் வெளியன்னு சொன்னேன்ல? கேட்டீங்களா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டு அவன் பாட்டுக்கு ஆடினான். அதற்குப் பிறகு ஆஸ்வால்ட் ஒரு ஆட்டம்கூட எடுக்கவில்லை. ஏழு ஐந்து என்று டேவி ஜெயித்தான்.

எனிட் நேராகக் கூடாரத்துக்கு வந்து, கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, கழுவுகிற இடத்தில் என் பக்கத்தில் நின்றாள்.

"வெளியதான் விழுந்துச்சு, மேபல்."

"எனக்குத் தெரியும்டி. நானும் பாத்தேன்."

"எவ்ளோ வெளிய தெரியுமா?" கையில் இருந்த சாசரைத் தூக்கிக் காட்டினாள். "இந்த அகலம்." பிறகு அந்தச் சாசரைத் துடைத்தாள். அதில் வரைந்திருந்த பூ அழியும்வரை துடைப்பாளோ என்று தோன்றியது.

அப்போது ஆஸ்வால்ட் உள்ளே வந்தார். தோற்றுவிட்டு வந்த முகமா அது? கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஜொலித்தது. கையில் புது ஜாம் கரண்டி.

"எனிட், கேட்டியா அந்தக் கைதட்டலை?"

"கேட்டேன்."

"நீ மனசுல எதுவும் வெச்சுக்காதே. புருஷன்னா பாசம் இருக்கத்தானே செய்யும். உன்னை யாரும் தப்பா நினைக்கல."

எனிட் கையை நீட்டினாள். "அந்தக் கரண்டியைக் குடு. கழுவி வெக்கறேன்."

யாரும் தப்பாக நினைக்கவில்லை என்றாரே, அது உண்மைதான். எல்லோரும் அவளிடம் ரொம்ப அன்பாக நடந்துகொண்டார்கள். "பாவம், வீட்டுக்காரர் மேல அவ்ளோ உசிரு," என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். மாதா கோவில் சந்தையில் கேக்கை நிறுத்து எடை சொல்லும் வேலை வருடாவருடம் எனிட்டுடையது. அடுத்த கோடையில் அதை வேறொருத்தியிடம் கொடுத்தார்கள். "நீங்க எவ்ளோதான் கஷ்டப்படுவீங்க, கொஞ்சம் ஓய்வெடுங்களேன்," என்றார்கள். கிளப்பில் எந்தக் கோட்டுக்கும் அவளை யாரும் மறுபடி கூப்பிடவில்லை. ஆஸ்வால்டையோ பள்ளிக்கூட விழாவுக்கு அழைத்து நேர்மையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அவரும் போய்ப் பேசினார். மனைவியே தவறு செய்தாலும் நேர்மையை விட்டுக்கொடுக்கக் கூடாது என்றாராம். கேட்டபோது எனக்கு அவர் டீயில் உப்பைப் போட்டுவிடலாம் போலிருந்தது.

பிறகு மூன்று வருடம் போயிற்று. ஆஸ்வால்ட் முதல் சுற்றிலேயே தோற்க ஆரம்பித்தார். கடையில் நீதிபதி ஒருவருக்குக் கால்சட்டையின் ஒரு காலை மட்டும் குட்டையாக அளந்துவிட, முதலாளி கண்ணாடி இல்லாமல் கடைக்குள் நுழையக் கூடாது என்று சொல்லிவிட்டார். பூட்டி வைத்ததை எடுத்து மாட்டிக்கொண்டார். கண்ணாடி போட்ட மறுநாளே கிளப்புக்கு வந்து பலகையின் முன் நின்றார். 1951க்கு நேராக எல். டேவி என்று எழுதியிருந்தது. முன்பைவிட நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும், வெகுநேரம் நின்றார்.

அந்த இலையுதிர் காலத்தில்தான் டேவியின் விஷயம் வெடித்தது. சனிக்கிழமைகளில் நகராட்சி மைதானத்தில் பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுத்துக் கூலி வாங்குகிறான். மேஜர் திரப்பின் தங்கை மகளும் அதில் ஒருத்தி. மேஜரே விசாரித்ததில், 1951 கோடைக்கு முன்பிருந்தே வாங்குகிறான் என்று தெரிந்தது. கூலி வாங்கியவன் தொழில்காரன், தொழில்காரன் சாம்பியனாக முடியாது. கமிட்டி அவனைக் கூப்பிட்டது.

"வாங்கினேன். வேலை செஞ்சா கூலி வாங்கறது தப்பா? நானும் அதைப் பயணச் செலவுன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பீங்க," என்றான். அவன் பெயரைச் சுரண்டி எடுத்துவிடுவது என்று முடிவானது.

அப்படியானால் 1951க்கு யார் சாம்பியன்? அதற்காகவே ஒரு பொதுக்கூட்டம் போட்டார்கள். அன்று மாலை எண்ணெய் அடுப்பு புகைய, எல்லோரும் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள். நானும் எனிட்டும் பின்னால் டீ ஊற்றிக்கொண்டிருந்தோம். ஆஸ்வால்ட் முன்வரிசையில், மீசைக்குப் புது மெழுகோடு. கூட்டம் தொடங்கும் முன் அவர் எனிட்டின் பக்கத்தில் வந்து குனிந்து பேசியது என் காதில் விழுந்தது.

"எனிட், அந்தப் பந்தைப் பத்தி யோசிச்சுப் பாத்தேன். வெளிய விழுந்த மாதிரிதான் இப்ப தோணுது."

"அப்படியா?" என்றாள் எனிட்.

பாதிரியார் எழுந்தார். "இரண்டாம் இடத்துல வந்தவரைச் சாம்பியனாக்க விதியில இடமில்லை. ஆனா அன்னைக்கு நான் முதல்ல 'மேட்ச், பின்னிகர்'னு அறிவிச்சேன். அந்தத் தீர்ப்பு சரியானதுன்னா ஆட்டம் அங்கேயே முடிஞ்சிருச்சு. பட்டம் அப்பவே மிஸ்டர் பின்னிகரோடது. பலகையில எழுதிரலாம்."

"சரியாச் சொன்னீங்க!" என்றார் மேஜர்.

"மிஸ்டர் பின்னிகர், நீங்க என்ன சொல்றீங்க?"

ஆஸ்வால்ட் எழுந்தார். தொண்டையைச் செருமினார். தானே வாய்திறந்து கேட்டால் அழகாக இருக்காதே. "அதை நான் சொல்றது முறையில்லீங்க. கோட்டுல இருந்தவங்க என் மனைவி. அவங்க சொல்லட்டும். அவங்க வார்த்தை எதுவா இருந்தாலும் எனக்குச் சம்மதம்," என்றார். சொல்லிவிட்டுப் பின்னால் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் இருந்தது கெஞ்சல்தான். எனக்கே ஒரு கணம் பாவமாக இருந்தது. இருபது வருட ஆசை அந்த முகத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"மிஸஸ் பின்னிகர், அந்தப் பந்து வெளியவா, உள்ளவா?" என்று கேட்டார் பாதிரியார்.

எல்லாத் தலைகளும் திரும்பின. எனிட் டீப் பாத்திரத்தைக் கீழே வைக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்தபடியே சொன்னாள்.

"ஆஸ்வால்ட் உள்ளன்னு சொன்னார், ஐயா. எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னார். நீங்களும் ஒத்துக்கிட்டீங்க. என் கண்ணைப் பாசம் மறைச்சிருக்கும். அவர் மாதிரி நேர்மையான மனுஷன் சொன்னதுக்கு அப்புறம் நான் என்ன சொல்றது?"

"எனிட்..." என்றார் ஆஸ்வால்ட்.

"உனக்கு அன்னைக்கு எவ்ளோ கைதட்டினாங்க, ஆஸ்வால்ட். அதைப் போய் நான் பொய்யாக்குவேனா?"

பாதிரியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார். "அப்போ... வேற வழியில்லை. அந்த வருஷத்துக்கு சாம்பியன் கிடையாது."

மேஜர் திரப்புக்கு உள்ளம் பொங்கிவிட்டது. "பாத்தீங்களா, குடும்பமே தங்கம்! தங்கம்!" என்று எழுந்து கைதட்ட ஆரம்பித்தார். அறை முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. ஆஸ்வால்ட் நடுவில் நின்றுகொண்டிருந்தார். தலை வணங்க வேண்டிய கட்டம். வணங்கினார். நிமிர வெகுநேரமாயிற்று.

நான் எனிட்டைப் பார்த்தேன். அவள் கப்புகளை வரிசையாக வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு துளிகூடச் சிந்தவில்லை.

பலகையில் டேவியின் பெயரைச் சுரண்டியெடுத்த இடத்தில் இன்றும் ஒன்றும் எழுதவில்லை. புதிதாக கிளப்பில் சேர்கிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, 1951ல் என்ன போர் நடந்தது என்று கேட்கிறார்கள். மேஜர் கொரியாவைச் சொல்லிச் சமாளிப்பார். பக்கத்தில் ஆஸ்வால்ட் இருந்தால் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார்.